உறவினர் வீட்டு இலவச அறை

கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்கு நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். 1960-இல் அந்த மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டம் உறுதிப்படுத்திய வழி இது. இரண்டு புதுமுக மாணவர்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தில் சேர்ப்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இலக்காகவே வைத்திருக்கிறது. திருவல்லிக்கேணியில் பிறந்து, கல்யாணமாகி அமெரிக்கா வந்து, அந்தக் கல்யாணமும் முடிந்துபோன பிறகு, நாற்பது வயதில் ஃப்ரீமாண்டின் ஓலோனி கல்லூரியிலிருந்து பெர்க்லிக்கு மாறியவள் நான்.

இடம் கிடைத்த செய்தி வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "ஃப்ரீமாண்டில் அண்ணன் வீடு இருக்கும்போது வாடகை எதற்கு?" பெரியம்மா மகன் வீடு. மாடியில் ஓர் அறை காலியாகவே கிடக்கிறது. ஃப்ரீமாண்டிலிருந்து பெர்க்லிக்கு வண்டி மாறாமல் பார்ட் ரயில் உண்டு. ஏறினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பெர்க்லி போல, வாடகையைக் கேட்டாலே மயக்கம் வரும் ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த அறைதான் எல்லாவற்றிலும் விலை அதிகம் என்பது என் கட்சி.

முதலில் பணக்கணக்கையே பார்க்கலாம். இங்கே படிப்புதவி கேட்கும்போது எங்கே தங்கப்போகிறாய் என்று கேட்பார்கள். வளாக விடுதி, வாடகை வீடு, உறவினர் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆண்டுச் செலவு மதிப்பீடு உண்டு. உறவினர் வீடு என்று எழுதினால் மதிப்பீடு சுருங்கும். பெறக்கூடிய உதவியின் உச்சவரம்பும் கூடவே இறங்கும். 24 வயதைத் தாண்டிய மாணவரிடம் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள், அவரவர் வருமானம்தான் கணக்கு. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த என் சம்பளத்துக்கு அது பெரிய சாதகம். இலவச அறைக்குப் போனால் அதில் ஒரு பகுதியை நானே விட்டுக்கொடுத்ததாகும்.

பணம்கூடப் பெரிதில்லை. பதினெட்டு வயதுப் பையன் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தால், அவன் கதவைச் சாத்தியதும் வீடே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். "படிக்கிறான், தொந்தரவு பண்ணாதே" என்பார்கள். நாற்பது வயதுப் பெண் கதவைச் சாத்தினால் உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று தட்டிக் கேட்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பில்லை என்று தெரிந்துவிட்டால் போதும்: சின்னவனை ஸ்கூலிலிருந்து கூட்டி வந்துவிடு, பிளம்பர் வருகிறான் கொஞ்சம் வீட்டில் இரு, மாமியார் ஊரிலிருந்து வருகிறார் விமான நிலையத்துக்குப் போய்விட்டு வா. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அண்ணி தங்கமானவர். ஆனால் அந்த வீட்டில் நான் நாத்தனார், அத்தை, கார் ஓட்டத் தெரிந்த ஓர் ஆள். மாணவி என்ற இடம் அங்கே காலியில்லை. அதைக் கேட்டு வாங்கவும் முடியாது. சாப்பாடு போடுகிறவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?

டிரான்ஸ்ஃபர் மாணவருக்குக் கிடைப்பது நான்கு செமஸ்டர். புதுமுக மாணவர் முதலாண்டைத் தொலைத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பழகிக்கொள்ளலாம். நமக்கு வந்த அன்றே மூன்றாம் ஆண்டுப் பாடம். புள்ளியியல் வீட்டுக்கணக்கை நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து போடுவது இரவு எட்டு மணிக்கு மேல்தான். பேராசிரியரைச் சந்திக்கும் நேரம் மாலை நான்கு என்றால், ரயில் நேரத்தையும் அண்ணி வீட்டுச் சாப்பாட்டு நேரத்தையும் மனசில் வைத்துக்கொண்டே அவர் அறை வாசலில் நிற்க வேண்டியிருக்கும். வகுப்புக்கு வெளியே நடக்கும் அந்தப் பாதிப் படிப்பு இல்லாவிட்டால், சமுதாயக் கல்லூரியிலேயே இருந்திருக்கலாமே.

சரி, வளாகத்துக்குள் எங்கே? சாதாரண விடுதி என்றால் பதினெட்டு வயதுக்காரர்களோடு, பெரும்பாலும் ஓர் அறைக்கு இருவர் மூவர். சாப்பாட்டுப் பணத்தைக் கட்டாயமாகச் சேர்த்து வாங்குவார்கள். பல விடுதிகளை டிசம்பர் விடுமுறையில் பூட்டுவார்கள். கோடையில் ஒப்பந்தமே முடிந்துவிடும். எல்லா மாணவருக்கும் திரும்பிப் போக அம்மா வீடு ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பில் எழுதிய விதி இது. குடும்பக் குடியிருப்புக்கு ஆல்பனியில் யூனிவர்சிட்டி வில்லேஜ் இருக்கிறது. சமையலறையோடு நல்ல வீடுகள், குழந்தைகள் விளையாட இடம், வளாகத்துக்கு 52-ஆம் எண் பேருந்து. ஆனால் அது துணையோடும் குழந்தைகளோடும் வருகிறவர்களுக்கு. தனியாள் எந்த வயதானாலும் தனியாள்தான்.

தனியார் வீடும் பார்த்தேன். வாடகையைப் போல மூன்று மடங்கு மாத வருமானம் காட்டச் சொன்னார் ஒரு வீட்டுக்காரர். அவ்வளவு சம்பாதித்தால் நான் ஏன் படிக்க வருகிறேன் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

2024-இல் பெர்க்லியில் ஆங்கர் ஹவுஸ் திறந்தார்கள். டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே கட்டியது. 772 பேருக்கு இடம், ஆளுக்கொரு படுக்கையறை, ஒவ்வொரு குடியிருப்பிலும் சமையலறை. இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நம்மைப் போன்றவர்களுக்குச் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று என்றே சொல்வேன். ஆனால் என் கைக்கு ஏற்றதாகத் தெரிந்தது மாணவர் கூட்டுறவு வீடு. 1933-இல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், வாடகை கட்ட வழியில்லாத மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். இங்கிலாந்தில் ராச்டேல் ஊர் நெசவாளர்கள் 1844-இல் கடை வைத்தபோது வகுத்த விதிகள்தான் இதற்கும் வழிகாட்டி. அதே ராச்டேல் வழியைப் பார்த்துத்தான் 1904-இல் எங்கள் திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். கூட்டுறவுக் கடை தொடங்கியது. அந்தக் கடையில் பையோடு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு, பெர்க்லி சங்கத்தின் விதிப்புத்தகம் அந்நியமாகவே படவில்லை.

சங்கத்தில் பல வீடுகள். மேற்படிப்பு மாணவர்களுக்கும் வயது கூடி வந்தவர்களுக்கும் என்று ஒதுக்கிய வீடுகள் அதில் உண்டு. ஹில்லகாஸ்-பார்க்கர் என்பது ஒன்று. நான் பார்த்த இடங்களில் வாடகை குறைவு இங்கேதான். பதிலுக்கு வாரம் ஐந்து மணி நேரம் வீட்டு வேலை. எனக்கு வந்தது பாத்திரம். அண்டா அளவுப் பாத்திரங்களை முனைவர் பட்டம் படிக்கும் பையனோடு நின்று தேய்க்கிறேன். வேலை முடிந்தால் முடிந்தது. மறுநாள் யாரும் பிளம்பருக்காகக் காத்திருக்கச் சொல்வதில்லை. உழைப்பு அண்ணி வீட்டைவிடக் குறைவென்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே அதற்குக் கணக்கு இருக்கிறது, சுவரில் ஒட்டியிருக்கிறது. என்னை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் சுருக்கென்றது. இப்போது ஆன்ட்டி என்று யாராவது கூப்பிட்டால்தான் சுருக்கென்கிறது.

வயதானவர்களுக்குத் தனிக் கட்டடம் கட்டி ஒதுக்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. இருபத்தைந்து வயதுக்காரர்கள் விடிய விடியப் படிப்பதைப் பக்கத்தில் பார்த்துத்தான் நானும் விழித்திருக்கக் கற்றேன். எனக்கு வேண்டியது சாத்தக்கூடிய கதவு, அடுப்பு, டிசம்பரில் பறிபோகாத சாவி. இவை இருந்தால் பக்கத்து அறையில் யார் இருந்தாலும் சரி.

ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் சமுதாயக் கல்லூரியில் சேரும் தமிழ்ப் பெண்கள் இப்போது நிறைய. டிரான்ஸ்ஃபர் முடிவுகள் ஏப்ரல் கடைசியில் வரும்; சேருகிறேன் என்று சொல்ல ஜூன் 1 வரை அவகாசம். புதுமுக மாணவர்களுக்கு இரண்டுமே ஒரு மாதம் முந்தியே முடிந்துவிடும். நாம் வரிசைக்கு வரும்போது முன்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. ஆகவே கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல், குளிர்காலத்திலேயே ஒருநாள் போய் வீடுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். சமையலறையை இரவு பத்து மணிக்குப் பாருங்கள். பகலில் எல்லாச் சமையலறையும் சுத்தமாகத்தான் இருக்கும்.

பல்கலைக்கழகங்களைக் கேட்பது வேறு. வயது பார்க்காமல் சேர்த்துக்கொள்கிறீர்கள், நன்றி. வீடு என்று வரும்போது மட்டும் கணவன் எங்கே, குழந்தை எங்கே என்று கேட்கிறீர்கள். குடும்பக் குடியிருப்புகளில் ஓரறை வீடுகள் சிலவற்றை 25 வயது தாண்டிய தனியாட்களுக்கு, பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில், சாப்பாட்டுப் பணம் இல்லாமல் கொடுங்கள். இதற்குப் புதுக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. குடியிருப்புக்கான விண்ணப்பப் படிவத்தில் டிக் செய்ய இன்னும் ஒரு கட்டம் போட்டால் போதும்.