காட்டு ஓர்கிட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்



சந்தைகளிலும் இரத்தினபுரிப் பக்கம் போகும் வீதியோரங்களிலும் பூக்கன்றுகளுக்கு நடுவே காட்டு ஓர்கிட்டும் சில வேளை விற்பனைக்கு வருகிறது. மலிவு என்று பலரும் வாங்கிப் பொச்சில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இதைப் பற்றி நாம் கொஞ்சம் பேச வேண்டும்.

வெசாக் ஓர்கிட்டை எடுத்துக்கொள்வோம். வெசாக் காலத்தை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். தென்மேற்கின் ஈரலிப்பான காடுகளில் மரங்களில் ஒட்டி வளரும். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. நம் வெக்கையான முற்றத்தில் அது பிழைப்பதே கஷ்டம்.

ஓர்கிட் விதை தூசு மாதிரி. அதற்குள் உணவு கிடையாது. தகுந்த பங்கசு ஒன்றின் உதவி கிடைத்தால்தான் காட்டில் முளைக்கும். பூப்பதற்கோ வருடக் கணக்காகும். பூவைக் காட்டினால்தான் விலைபோகும் என்பதால் பூத்த செடியையே பிடுங்குகிறார்கள். அதாவது, விதை போட வேண்டிய தாய்ச் செடியே போய்விடுகிறது.

"விழுந்த மரத்தில் கிடந்தது" என்பார்கள். இருக்கலாம். ஆனால் இன்று ஒன்றுக்குக் காசு கொடுத்தால், அடுத்த கிழமை நிற்கிற மரத்தில் ஏறுவார்கள். விற்பவர் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவர். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்க ஆள் இருப்பதால்தானே கொண்டுவருகிறார்?

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட தாவரங்களைப் பிடுங்குவதும் விற்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், காடு நம் கையில் உள்ள அமானிதம் இல்லையா?

அடையாளம் காண்பது லேசு. மரப்பட்டைத் துண்டு ஒட்டிய, வேர் அறுந்த, பாசி பிடித்த செடி பெரும்பாலும் காட்டிலிருந்து வந்தது. தோட்டத்தில் வளர்த்தது சாடியில், கரியிலும் பொச்சிலும் வேரோடி, ஒரே அளவில் வரிசையாக இருக்கும். விலை கொஞ்சம் கூட. ஆனால் நம் வீட்டில் நின்று பிடிக்கும்.

பாடசாலைத் தோட்டத்துக்குக் கன்று கொண்டுவரச் சொல்லும்போது ஆசிரியர்களாகிய நாமும் இதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவோம். சந்தையில் விலை கேட்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்: "இது எங்கே வளர்த்தது?" பதில் இல்லாவிட்டால், வாங்காமல் வருவோம்.