சிறு தோணிகளையும் அளந்து வையுங்கள்



வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் சேர்ந்த பெருமையை ஓயாமல் பேசுகிறோம். அதே கரையின் சிறு பாய்த்தோணிகளை அளந்து வரைவதில் அந்த ஆர்வம் இல்லை. ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் எழுதியதைத்தான் இன்றும் புரட்டுகிறோம். கண்ணளவில் கட்டியவர்களுக்குத் வரைபடம் எதற்கு என்பார்கள்; கண்ணளவு ஆளோடு போய்விடும் என்பதால்தான் வேண்டும். கண்ணாடியிழைப் படகுக் காலத்தில் அளந்து வரைவது வீண்வேலை என்பதும் பொருந்தாது. வழக்கொழிந்த யாத்திரா தோணியை அறிய இன்று தொடந்துவை விகாரையிலுள்ள மாதிரியுருதான் உதவுகிறது. ஆனால் பலகையின் தடிப்பையும் கயிற்றுத் தையலின் இறுக்கத்தையும் மாதிரியுரு முழுதாகச் சொல்லாது. மலைநாட்டானான எனக்குக் கடற்கவலையா என்று சிலர் சிரிக்கலாம், சிரிக்கட்டும். மொறட்டுவை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களை அளவுநாடாவோடு கரைக்கு அனுப்பி, எஞ்சிய தோணிகளின் குறுக்குவெட்டு, பாய், இணைப்பு யாவையும் வரையச் செய்யலாம்.

வாசகர்,
கலஹா