பாம்புக்குப் பாசம் உண்டா? கொஞ்சுவோர் கவனிக்க!

"கூப்பிட்டா தலையைத் தூக்கிப் பார்க்கும். கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்கும். வேற ஆள் தூக்கினா முறைச்சுப் பார்க்கும். எங்க வீட்டுக் குழந்தை மாதிரி!"

இது நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் பேச்சு அல்ல. பாம்பு வளர்ப்பவர்கள் பேச்சு!

பெட்டிக்குள் பாம்பை அடைத்துக்கொண்டு வந்து மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். 2023 ஏப்ரலில் கோலாலம்பூர் விமானத்தில் வந்து இறங்கிய ஒரு பெண்ணின் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 22 பாம்புகள்! துணைக்கு ஒரு பச்சோந்தி!

இத்தனை பாம்பும் யாருக்கு? காசு கொடுத்து வாங்கிக் கொஞ்ச ஆள் இருக்கிறது. அதனால்தான் வருகிறது.

சரி, கொஞ்சுகிறார்கள். அந்தப் பாம்பு பதிலுக்குக் கொஞ்சுகிறதா? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

கழுத்தைக் கட்டுவது ஏன்?

பாம்புக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. வெயிலில் காய்ந்த பாறையைத் தேடிப் படுக்கும். மனிதன் உடம்பு எந்நேரமும் 37 டிகிரி சூட்டில் இருக்கிறது. கழுத்தும் அக்குளும் நல்ல கதகதப்பு. பாம்பு அங்கே போய்ச் சுருண்டுகொள்கிறது. "என்னைக் கட்டிப் பிடிக்குது" என்று ஆசாமி உருகிப்போகிறார். பாம்பைப் பொறுத்தவரை அவர் ஒரு நடமாடும் பாறை!

முறைத்துப் பார்க்கிறதாம். பாம்புக்கு இமையே இல்லை. கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான் கண்ணை மூடியிருக்கிறது. தூங்கும்போதும் அது முறைத்துக்கொண்டுதான் இருக்கும்.

"நாலு நாளா கோபம், சாப்பிட மாட்டேங்குது" என்பார்கள். சட்டை உரிக்கும் சமயத்தில் பாம்பின் கண் பால் படர்ந்தது போல வெளுத்துவிடும். சரியாகக் கண் தெரியாது. தொட்டால் சீறும். இரையைத் தொடாது. சட்டை கழன்றதும் எல்லாம் சரியாகிவிடும். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை.

ஆளை அடையாளம் தெரிந்துகொள்கிறதே என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். நாக்கை நீட்டி நீட்டிக் காற்றில் உள்ள வாசனையை இழுத்து, மேல் அண்ணத்தில் இருக்கும் உறுப்பில் பாம்பு சோதிக்கிறது. தினமும் தூக்குகிற கையின் வாசனை பழகிப்போகிறது. அந்தக் கையால் ஆபத்து இல்லை என்று தெரிகிறது. அதற்குப் பெயர் பழக்கம். பாசம் வேறே!

காது விஷயமும் அப்படித்தான். மகுடிக்கு மயங்கி ஆடுகிறது என்பது பழைய கதை. மகுடி அசைகிற பக்கமெல்லாம் பாம்பு திரும்புகிறது. ஆபத்து எந்தப் பக்கம் என்று பார்க்கிறது, அவ்வளவுதான். செவிட்டுப் பிராணி என்று சொல்வதும் தப்பு. தரை அதிர்வைத் தாடை எலும்பால் உணரும். காற்றில் வருகிற ஒலியும் அதற்குக் கேட்கிறது என்று 2023-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். சத்தம் கேட்டுப் பல பாம்புகள் என்ன செய்தன தெரியுமா? விலகிப் போயின!

சிநேகிதமும் உண்டு!

இதனால் பாம்பு ஒரு மக்குப் பிராணி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கருநாகம் காய்ந்த இலைகளைக் கூட்டிச் சேர்த்துக் கூடு கட்டி முட்டையிடுகிறது. பக்கத்திலேயே இருந்து காவல் காக்கிறது. நம்ம ஊர் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, உடம்பை நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கி அடைகாக்கிறது. கனடாவில் கார்ட்டர் பாம்புகளை வைத்துச் சோதனை செய்தார்கள். குறிப்பிட்ட சில பாம்புகளோடு மட்டும் போய்ச் சேர்ந்துகொள்வதாக 2020-ல் அறிவித்தார்கள்.

"பார்த்தீங்களா, பாம்புக்கும் சிநேகம் உண்டு!" என்று துள்ள வேண்டாம். அந்தச் சிநேகிதர்களும் பாம்புகள்தான். மனிதர் யாரும் பட்டியலில் இல்லை.

மனிதக் குணத்தைப் பாம்பின் தலையில் கட்டுவது புதுசும் அல்ல. சாரையும் நல்லபாம்பும் பிணைந்து ஆடுகிறது என்று ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அங்கே நடப்பது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம்! 1979-ல் "நீயா?" படம் வந்தது. ஜோடியை இழந்த நாகம் தேடி வந்து பழிவாங்கும் என்ற நம்பிக்கைக்கு அது நன்றாகத் தீனி போட்டது. நல்லபாம்பு புருஷன் பெண்டாட்டியாகக் குடும்பம் நடத்துவதே இல்லை. யாருக்காக யார் பழிவாங்குவது?

விளையாட்டான விஷயமாகத் தெரியும். கடித்த பாம்பைப் பழி, சாபம் என்று நம்புகிறவன் ஆஸ்பத்திரிக்கா ஓடுவான்? மந்திரிக்கப் போகிறான். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58 ஆயிரம் பேர் சாகிறார்கள் என்று 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. பாம்புக்கடி நோயாளி வந்தால் அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. கொஞ்சுகிறவனும் பழி என்று பயப்படுகிறவனும் செய்வது ஒரே தப்பு. பாம்பை ஆளாக நினைக்கிறார்கள்!

அலுத்துப்போனால்?

கொஞ்சல் அலுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா சாட்சி. ஆசையாக வாங்கிய பர்மா மலைப்பாம்பு வளர்ந்து 10 அடி, 15 அடி ஆனதும் "குழந்தை"யைச் சதுப்புக் காட்டில் விட்டுவிட்டார்கள். தப்பிப் போனவையும் உண்டு. அவை பெருகிவிட்டன. எவர்கிளேட்ஸ் காட்டில் ராக்கூன் என்ற பிராணி கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துபோனதாக 2012-ல் கணக்கு வந்தது.

அந்தப் பாம்பைப் பிடிக்க 2017-ல் யாரைக் கூப்பிட்டார்கள்? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை! மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் சிக்கின. இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. வடநெம்மேலியில் பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுக்கிறார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுக் காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். அந்த விஷத்தில்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு புழங்கும் அவர்களே கழுத்தில் போட்டுக் கொஞ்சுவதில்லை, காட்டுக்கு அனுப்புகிறார்கள். செல்போன் படத்துக்காக முத்தம் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு எதை வீட்டில் வைத்திருந்தாலும் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்புக்கும் 2022-ல் சட்டத்தைத் திருத்திப் பதிவு கட்டாயம் என்று ஆக்கினார்கள். ஆனால் பெட்டி தூக்கி வருகிறவர்தான் விமான நிலையத்தில் மாட்டுகிறார். அவரிடம் வாங்கக் காத்திருந்தவர் யார், விற்க இருந்த கடை எது என்று துருவினால்தான் இந்த வியாபாரம் அடங்கும். அதிகாரிகள் அந்தக் கடைகளுக்குள்ளும் போய்ப் பார்ப்பார்களா?