வென்றாலும் வேலை நிலைக்காத துறை

டோக்கியோவில் இயங்கிவந்த டாங்கோ கேம்வொர்க்ஸ் நிறுவனம் 2023 ஜனவரியில் 'ஹை-ஃபை ரஷ்' என்ற விடியோ விளையாட்டை வெளியிட்டது. விமர்சகர்கள் பாராட்டினர், விருதுகளும் கிடைத்தன. உரிமையாளரான மைக்ரோசாஃப்ட்டின் அதிகாரிகளே அதை வெற்றிப் படைப்பு என்றனர். ஆனால், 2024 மே மாதத்தில் டாங்கோ மூடப்படும் என்று அதே மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் ஆகஸ்டில் கைகொடுத்திராவிட்டால் அந்தக் குழு கலைந்தே போயிருக்கும்.

இது தனித்த நிகழ்வன்று. ஆக்டிவிஷன் பிளிசார்டை ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு 2023 அக்டோபரில் வாங்கிய மைக்ரோசாஃப்ட், மூன்றே மாதங்களில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வெளியேற்றியது. அடுத்த மாதம் சோனி 900 பேரை நீக்கியது.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் முடங்கிய மக்களால் தேவை பெருகியது. அமெரிக்காவில் வட்டி விகிதமோ பூஜ்யத்தை ஒட்டியிருந்தது. அந்தத் தேவை நிலைக்கும் என்று எண்ணி ஆள் சேர்த்தார்கள். 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் வட்டி ஐந்து சதவீதத்தைத் தாண்டியது. ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வெளியாகும்வரை வருவாய் இல்லை. செலவில் பெரும்பகுதி ஊதியம். வட்டி உயரும்போது முதலில் வெட்டப்படுவது எது என்பதை விளக்க வேண்டியதில்லை. கணிப்பு நிர்வாகத்தினுடையது, தண்டனை ஊழியர்களுக்கு!

விரும்பத்தக்க தொழிலுக்குக் கூலி குறைவு என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதினார். இதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். விளையாட்டின் மீதான காதலால் வாசலில் காத்திருக்கும் இளைஞர் கூட்டம்தான் உள்ளே இருப்பவரின் பேரம் பேசும் வலிமையைக் கரைக்கிறது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஓயாத மிகைநேர வேலையைப் பற்றி ஓர் ஊழியரின் துணைவி 2004-இல் பெயரின்றி எழுதியது பெரும் அதிர்வை உண்டாக்கியது. அக்காலத்து மிகைநேர ஊதிய வழக்குகளில் இரண்டைத் தீர்க்க அந்நிறுவனம் 3 கோடி டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. வழக்கம் மட்டும் ஒழியவில்லை.

வேலையிழப்பைவிட எனக்குக் கவலையளிப்பது வேறொன்று. 2018-இல் தொடங்கப்பட்ட 'தி இனிஷியேட்டிவ்' நிறுவனம், உருவாக்கிக்கொண்டிருந்த ஒரே விளையாட்டான 'பர்ஃபெக்ட் டார்க்' கைவிடப்பட்டதால் 2025 ஜூலையில் மூடப்பட்டது. ஏழாண்டுகளில் ஒரு விளையாட்டும் வெளிவரவில்லை. ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள் வழக்கமாகிவிட்ட இத்துறையில், வெளிவராத படைப்பில் தான் செய்த பணியை அடுத்த நிறுவனத்திடம் எடுத்துக்காட்டுவதும் எளிதன்று. உழைப்பால் சேர்ந்த திறனுக்குச் சான்று இல்லையென்றால், பொருளியல் நோக்கில் அதற்குச் சந்தை மதிப்பு பாதிதான். வெளியான படைப்புகளிலும் சிக்கல் உண்டு. 'மெட்ராய்ட் டிரெட்' 2021-இல் வந்தபோது, உருவாக்கக் காலத்தில் கால் பங்குக்கும் குறைவாகப் பணியாற்றியவர்களின் பெயர்கள் இறுதிப் பட்டியலில் விடுபட்டிருந்தன.

தொழிற்சங்கங்கள் அண்மையில்தான் காலூன்றியுள்ளன. ரேவன் மென்பொருள் நிறுவனத்தின் சோதனையாளர்கள் 2022-இல் சங்கம் அமைத்தனர். செயற்கை நுண்ணறிவிடமிருந்து பாதுகாப்புக் கோரி 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கிய குரல் கலைஞர்கள் ஏறத்தாழ ஓராண்டு போராடி ஒப்பந்தம் பெற்றனர். சங்கத்தால் ஆட்குறைப்பைத் தடுக்க முடியாது; அதற்கு விலை வைக்க முடியும். பணிநீக்க இழப்பீட்டுடன், பெயர்ப்பட்டியல் உரிமையையும் அந்த ஒப்பந்தங்களில் எழுதிச் சேர்க்க வேண்டும். சர்வதேச விளையாட்டு உருவாக்குநர் சங்கம் இதற்கான நெறிமுறைகளை ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது. அவற்றைப் பின்பற்றுவது இன்றுவரை நிறுவனங்களின் விருப்பம்தான்.