ஒரு சகரமும் மூன்று ஓசைகளும்

சென்ற வாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய ஆறு வயதுப் பெண் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். 'சோலை' என்ற சொல்லின் முதலெழுத்தை, 'பச்சை'யில் வரும் அழுத்தமான ஓசையோடு படித்தாள். தமையன் கைகொட்டிச் சிரித்தான். குழந்தை புத்தகத்தை மூடிவிட்டாள். நாம் புறப்படும் வரை அவள் அதைத் திறக்கவே இல்லை.

அவள் செய்த குற்றம் என்ன? நேயர்கள் 'பசை', 'பச்சை', 'பஞ்சு' என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'பசை'யில் நாக்கு காற்றை முழுதும் மறிப்பதில்லை. காற்று ஓர் இடுக்கு வழியே சீறிக்கொண்டு போகிறது. 'பச்சை'யிலோ நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் காற்றை அடைத்துவிடுகிறது. பிறகு சிறிதே விலகி, அதை உரசிக்கொண்டு போகவிடுகிறது. அடைப்பும் உரசலும் ஒன்றாய்ப் பிறப்பதால் மொழிநூலார் இதனை அடைப்புரசொலி என்பர். 'பஞ்சு'வில் வருவதும் அதுவே. ஆனால் தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு அறாமல் தொடர்வது தெரியும்.

எழுத்து ஒன்று, ஓசை மூன்று. ஆயினும் நாம் தடுமாறுவதில்லை. சொல்லின் நடுவே தனித்து உயிர்களுக்கிடையில் நின்றால் சீறும். இரட்டித்தாலும், 'காட்சி', 'முயற்சி' போல ட், ற் பின் வந்தாலும் அழுந்தும். ஞகரத்தின் பின் மெலியும். இடமே ஓசையைச் சொல்லிவிடுகிறது. தமிழில் எழுத்துப் பஞ்சம் என்று பரிகசிப்பவர்கள், ஆங்கிலத்தில் ஸி, எச் என்ற இரண்டும் கூடி 'சர்ச்', 'மெஷின்', 'கெமிஸ்ட்' என்ற சொற்களில் மூன்று விதமாக ஒலிப்பதை நினைக்க வேண்டும். அங்கே இடத்தைப் பார்த்து அறிய வழியில்லை, நெட்டுருதான்.

சொல்லின் முதலில் மட்டும் நம் வழக்கு இரண்டுபட்டு நிற்கிறது. சேலம் என்னும்போது சகரம் சீறுகிறது. சென்னை என்னும்போது பெரும்பாலோர் வாயில் அழுந்துகிறது. 1996-ஆம் வருஷத்தில் மதராஸ் என்ற பெயர் நீங்கியபோது, ஆங்கிலத்தில் சென்னைக்கு 'சர்ச்'சின் எழுத்துக்களே முதலில் வந்தன. சேலத்துக்கோ 'எஸ்' எழுத்து. மலையாளத்தார் இன்றும் 'சோறு' என்பதை அழுத்தியே சொல்லுகிறார்கள். தொல்காப்பியரோ, நடுநாக்கு நடு அண்ணத்தைச் சேரும்போது சகரம் பிறக்கிறது என்கிறார். அந்த இலக்கணம் 'பசை'யைவிடப் 'பச்சை'க்கே நன்றாகப் பொருந்துகிறது!

ஆகவே, குழந்தை 'பசி'யைப் 'பச்சி' ஆக்கினால் திருத்துவோம், பொருள் கெடும். 'சோலை'யை அழுத்திச் சொன்னால் சிரிக்க வேண்டாம். சோலையின் நிழல் அதனால் குறைந்துவிடாது. சிரிப்புக்கு அஞ்சி மூடிய புத்தகத்தை மறுபடி திறக்கச் செய்வதுதான் கடினம்.