பாடலில்லாப் படமும் பழுதில்லா விசாரணையும்

வீணை எஸ். பாலசந்தர் என்னும் பெயரைக் கேட்டவுடன் இசையன்பர்தம் நெஞ்சில் எழுவது நாதவெள்ளமே. அம்மேதை திரைப்படம் ஒன்றை இயக்கினார் என்றால், அதில் பாடல்கள் தேனாய்ப் பொழியும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த அவருடைய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. பாடலே இன்றி வந்த முதல் தமிழ்ப்படம் என்னும் சிறப்பு அதற்கு உண்டு. அப்போது பாலசந்தருக்கு அகவை இருபத்தேழு. இசையறியாதவர் பாட்டை ஒதுக்கினால் அதனை இயலாமை எனலாம். இசையில் தோய்ந்தவர் ஒதுக்கினால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். அக்காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க நாட்டில் 1940களில் எடுக்கப்பட்ட குற்றப்படங்கள் சிலவற்றைக் கண்ட பிரெஞ்சுத் திறனாய்வாளர் நினோ ஃபிராங்க், 1946இல் அவற்றைக் ‘கறுப்புப் படங்கள்’ என்னும் பொருள்பட அழைத்தார். ஒளியினும் நிழல் மிகுதி. நல்லவன், தீயவன் என்னும் எல்லைக்கோடு மங்கல். நடந்து முடிந்ததைப் பின்னோக்கிச் சொல்லும் உத்தி. இவை அவ்வகையின் இலக்கணங்கள். இவ்விலக்கணங்கள் யாவும் ‘அந்த நாள்’ படத்தில் பொருந்தி வருகின்றன. மாருதிராவின் ஒளிப்பதிவில் முகங்கள் பாதி ஒளியிலும் பாதி இருளிலும் நிற்கின்றன. மனிதனுடைய மனநிலையும் அவ்வாறே நிற்கிறது.

கதை 1943 அக்டோபரில், சென்னை நகரின்மீது சப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டி நிகழ்கிறது. படம் தொடங்கிய சில நொடிகளில் துப்பாக்கி வெடிக்கிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் வீழ்கிறான். அவ்வேடம் தாங்கியவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் புகழேணியில் விரைந்து ஏறிக்கொண்டிருந்த நடிகரை முதற்காட்சியிலேயே பிணமாகக் காட்டத் துணிந்தார் இயக்குநர். அதற்கு உடன்பட்ட நடிகரும், பொருள் செலவிட்ட ஏவி. மெய்யப்பனாரும் பாராட்டுக்குரியவர்கள். கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் தோன்றுகிறார்.

இப்படத்தை அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தின் தழுவல் என்று பலரும் ஒரே வரியில் சொல்லி முடிப்பதுண்டு. பாலசந்தர் அப்படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் கண்டு உள்ளம் ஈர்க்கப்பட்டார் என்பது உண்மையே. எனினும் இரண்டும் ஒன்றல்ல என்பது என் துணிபு. சப்பானியப் படத்தில் ஒரே நிகழ்ச்சியைச் சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகக் கூறுகின்றனர். உண்மை எதுவென்று உறுதிப்படுத்த இயலாமல் படம் முடிகிறது. தமிழ்ப்படத்திலோ ஒவ்வொருவரும் மற்றொருவரைக் கைகாட்டுகின்றனர். அண்டை வீட்டார் ராஜனின் தம்பியை ஐயுறுகிறார். தம்பியோ தன் மனைவியையே ஐயுறுகிறான். அவள் மற்றொரு பெண்ணைச் சுட்டுகிறாள். அப்பெண் அண்டை வீட்டாரைச் சுட்டுகிறாள். ஐயம் ஒரு வட்டமாய்ச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. ஆயினும் உண்மை ஒன்று உண்டு. பொறுமையாகத் தேடினால் அது கிட்டும் என்பதே இப்படத்தின் முடிபு.

பாடலை ஏன் நீக்கினார் என்னும் வினாவிற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பாட்டு நம்மைக் கதையிலிருந்து சற்றே விடுவித்து இளைப்பாறச் செய்வது. விசாரணை நடக்கும் மன்றத்தில் நீதிபதி இளைப்பாறலாகாது. படம் பார்ப்பவனை நீதிபதியின் இருக்கையில் அமர்த்த விரும்பிய கலைஞர், தம் உயிரனைய இசையையே வாயிலுக்கு வெளியே நிறுத்தினார். இது கலைத்துறவு.

விசாரியாமல் வழங்கிய தீர்ப்பினால் ஓர் அரசன் உயிர்நீத்த வரலாற்றைக் காப்பியமாகப் போற்றுபவர்கள் நாம். கணவன் குற்றமற்றவன் என்று நிறுவ அரசவை ஏறினாள் கண்ணகி. இப்படத்தின் உஷாவோ கணவன் குற்றவாளி என்றறிந்து நடுங்குகிறாள். ராஜன் நாட்டின் மறைச் செய்திகளைப் பகைவர்க்கு விற்றவன் என்னும் உண்மை இறுதியில் வெளிப்படுகிறது. பண்டரிபாய் ஏற்ற அவ்வுஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைப் போக்கியது. அன்புக்கும் அறத்துக்கும் இடையே அவள் படும் வேதனையை வசனத்தினும் அவர்தம் விழிகளே மிகுதியாகப் பேசுகின்றன.

மாணவ நண்பர்கள் இங்கே ஊன்றி நோக்க வேண்டிய ஒன்றுண்டு. ராஜன் பிறவித் தீயவன் அல்லன், அறிவாளி. ஏழை எளியவரும் வாங்கத்தக்க மலிவான வானொலிப் பெட்டியை உருவாக்க முனைந்தவன். ஆதரிப்பார் இல்லாமையால் அவன் உள்ளம் கசந்தது. அக்கசப்பே இரண்டகமாய் முற்றியது. திறமையைப் புறக்கணிக்கும் சமுதாயம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்கிறது என்பது பெரியோர்க்கான பாடம். புறக்கணிக்கப்பட்டோம் என்பதனால் அறத்தைக் கைவிடும் உரிமை எவர்க்கும் வந்துவிடாது என்பது இளைஞர்க்கான பாடம். இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுத்தல் ஆகாது.

வெளிவந்தபோது இப்படம் வணிக வெற்றி பெறவில்லை. தேசிய விருது வரிசையில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. மக்கள் பாடலையே விரும்புகின்றனர் என்பதற்கு இத்தோல்வியைச் சான்றாகக் காட்டுவோர் உளர். பாடல் நிறைந்த எத்தனையோ படங்கள் மறக்கப்பட்டுவிட்டன. பாடலில்லாத இப்படமோ இன்றும் பேசப்படுகிறது என்பதே அவர்களுக்கு என் விடை.

அண்டை வீட்டாரைப் பற்றிய ஒரு சொல்லைக் காதால் கேட்டவுடன் நம்பிவிடுதல் மனித இயல்பு. ‘யார் சொன்னார், எதற்காகச் சொன்னார், எதைக் கண்டு சொன்னார்’ என்று கேட்டல் கல்வியின் பயன். அக்கேள்விகளை இரண்டு மணி நேரத்தில் நமக்குக் கற்பிக்கும் படம் ‘அந்த நாள்’. அதனைக் காணாதவர்கள் ஒருமுறை காண்க. கண்டவர்கள், முதன்முறை தாம் யாரை ஐயுற்றோம் என்பதை நினைந்து பார்க்க.