அச்சம் போடும் தப்புக் கணக்கு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. அரண்ட கண் இல்லாத பேயைக் காண்பதோடு நின்றுவிடுமாயின் கேடு சிறிதே. எதிரே நிற்கும் புலியையும் அது காணத் தவறுகிறதே, அதுவன்றோ பெருங்கேடு! இவ்வுண்மை தனிமனிதனுக்கு மட்டுமின்றி நாட்டுக்கும் பொருந்தும். அதற்கு அமெரிக்காவே சான்று.

2001 செப்டம்பர் 11ஆம் நாள், பயங்கரவாதிகள் நான்கு பயணி விமானங்களைக் கடத்தி 2,977 பேரின் உயிரைக் குடித்தனர். உலகமே நடுங்கிற்று, அந்த நடுக்கம் இயல்பானதே. ஆயின், அதே ஆண்டில் அதே நாட்டில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோர் 29,573 பேர். அவருள் 16,869 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அவர்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டாலும், பிறர் கையால் சுட்டுக் கொல்லப்பட்டோர் 11,348 பேர். விமானத் தாக்குதலில் மாண்டோரைப் போல் இஃது ஏறத்தாழ நான்கு மடங்கு. முன்னவர்க்கு நினைவுச் சின்னம் எழுந்தது. பின்னவர்க்கு உள்ளூர்ச் செய்தித்தாளின் மூலையில் நான்கு வரிகள் கிடைத்தன.

துயரத்தில் மட்டுமா இந்த ஓரவஞ்சனை? சட்டம் இயற்றுவதிலும் அதுவே நிகழ்ந்தது. தாக்குதல் நடந்த 45ஆம் நாளில், அரசின் கண்காணிப்பு அதிகாரத்தை விரிவாக்கிய ‘பேட்ரியாட் சட்டம்’ கையொப்பமாயிற்று. செனட் எனப்படும் மேலவையில் அதனை எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். உள்நாட்டுப் பாதுகாப்புக்கெனத் தனி அமைச்சே 2002இல் தோற்றுவிக்கப்பட்டது. 2001 டிசம்பரில் ஒருவன் தன் காலணியில் வெடிமருந்து மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டான். யாரும் இறக்கவில்லை. எனினும், 2006 முதல் 2025 வரை விமானப் பயணிகள் காலணியைக் கழற்றிக் காட்டிச் செல்லவேண்டும் என்பது விதியாக இருந்தது.

இனி, தட்டின் மறுபுறத்தைக் காண்போம். 2012 டிசம்பரில் நியூடவுன் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை மேலும் விரிவாகச் சோதிக்க வேண்டும் என்னும் எளிய திருத்தம் 2013 ஏப்ரலில் மேலவைக்கு வந்தது. 54 பேர் ஆதரித்தும், தேவையான 60 வாக்குகள் இன்மையால் அது வீழ்ந்தது. காலணிக்கு விதி கண்ட நாடு துப்பாக்கிக்கு விதி காண மறுத்தது. 2022இல் யுவால்டி நகரப் பள்ளியில் 19 மாணவரும் 2 ஆசிரியரும் பலியான பின்னரே ஓரளவு வலுவுள்ள சட்டம் ஒன்று நிறைவேறியது.

ஏன் இந்த முரண்பாடு? எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதாக மனம் மதிப்பிடும் என்று டிவெர்ஸ்கி, கானமன் என்னும் உளவியல் அறிஞர்கள் 1973இல் விளக்கினர். ஒரே நாளில், ஒரே இடத்தில், எல்லாரும் காணப் பலர் மாளும்போது மனம் பதறுகிறது. அதே எண்ணிக்கையினர் வீடுதோறும் தெருதோறும் சிதறி மாளும்போது அது பழகிப் போகிறது. பழகிய கொடுமையைக் கொடுமையென்றே உணராத மரப்பு நிலை இது.

இந்தத் தப்புக் கணக்கே உயிரைக் குடிக்கவும் வல்லது. 2001க்குப் பின் விமானத்துக்கு அஞ்சிய பலர் நெடுஞ்சாலைகளில் காரோட்டிச் சென்றனர். அதனால் அடுத்த பன்னிரண்டு மாதங்களில் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாகச் சாலை விபத்தில் மாண்டனர் என ஜெர்மானிய அறிஞர் கிகரென்சர் மதிப்பிட்டார். சாவுக்கு அஞ்சி ஓடியவர்கள் சாவின் வாயிலேயே புகுந்தனர்.

பயங்கரவாதம் நாட்டையே குறிவைப்பது, அதனை எண்ணிக்கையால் அளக்கலாகாது என்பர் சிலர். காவல் இருப்பதால்தான் பலி குறைகிறது என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. காவலைக் கைவிடுக என்று எவரும் கூறவில்லை. ஆனால், காவல் பலியைக் குறைக்குமெனில், அக்காவலைப் பெரும்பலி நிகழும் இடத்தில் வைக்க மறுப்பது என்ன நியாயம்? 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். செப்டம்பர் 11இன் பலியெண்ணிக்கையை 22 அல்லது 23 நாள்களுக்கு ஒருமுறை எட்டும் கணக்கு இது! 1 முதல் 19 வயது வரையுள்ள இளையோரின் சாவுக்கு 2020இல் துப்பாக்கியே முதற்காரணமாயிற்று. இதனினும் பெரிய பயங்கரம் எது?

வள்ளுவர் அச்சம் முழுவதையும் பழிக்கவில்லை. அஞ்சத்தக்கதை அறிந்து அஞ்சுவதை அறிவுடைமை அதிகாரத்திலேயே வைத்தார். அறிதல் முன்னது, அஞ்சுதல் பின்னது. இவ்வரிசை தலைகீழானால் நாடாளுமன்றமும் தடுமாறும்.

ஆகவே, ஆசிரியர்களே! கூட்டலும் வகுத்தலும் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. மாணவர்களே! ஒரு செய்தி நெஞ்சை உலுக்கும்போது, “எத்தனை பேர்? எத்தனை நாளில்? பேசப்படாமல் மாண்டவர் எத்தனை பேர்?” என்று கேளுங்கள். ஓசையின்றி இறந்தவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே. அவனையும் எண்ணத் தெரிந்த தலைமுறையே அவனைக் காக்கும் சட்டத்தை இயற்றும்.